ஆடி முழுக்க அலுமாரியில் கிடந்த சப்பாத்து

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் வைகாசியில் பிடிக்கிற மழை ஆவணி தாண்டியும் விட்டுவிட்டுப் பெய்யும். ஆடியில் கல்யாணமும் இல்லை. அதனால் வீட்டில் இருக்கிற நல்ல தோல் சப்பாத்து இரண்டு மூன்று மாதம் வெளிச்சமே காணாமல் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எடுத்துப் பார்த்தால் சாம்பல் தூவியதுபோல பூஞ்சணம். உடனே கை போவது பொலிஷ் டின்னுக்கு. பிழை தொடங்குவது அங்கேதான். ஈரத்தோலின் மேல் மெழுகைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மண்டபத்தில் மினுங்கும், பத்து நாளில் பூஞ்சணம் திரும்பி வரும், இந்த முறை பொலிஷுக்குள்ளிருந்தே.

இந்தப் பதிவு அப்படிக் கிடந்த ஒரு சோடியைப் பற்றியது. நாடா கட்டுகிற டர்பி வகை, கறுப்பு, இலக்கம் 8, தோல் அடி, குதியில் றப்பர். வேலை ஏழு நாள் எடுத்தது. அதில் கைவேலை நாலு மணித்தியாலம் இருக்கும். மிச்சமெல்லாம் காயவிட்ட நேரம்.

மினக்கெடலாமா என்று பார்த்தது

முதலில் நாடாவுக்குக் கீழே இருக்கிற நாக்கின் மேல் விளிம்பு. பல சப்பாத்துகளில் அந்த விளிம்பை மடித்துத் தைப்பதில்லை, வெட்டியபடியே விட்டிருப்பார்கள். ரொர்ச் அடித்துப் பார்த்தால் தோலின் குறுக்குவெட்டு தெரியும். கீழே தளர்ந்த நார், மேலே போகப் போக நெருங்கி அடர்ந்த நார் என்றிருந்தால் மேற்படையைத் தேய்த்தெடுக்காத நல்ல தோல். நாரின் மேல் பெயின்ற் போல ஒரு தனி ஏடு உட்கார்ந்திருந்தால் அது பூச்சுத் தோல். பெரும்பாலும் தோலின் அடிப்படலத்தைப் பிளந்தெடுத்து மேலே பிளாஸ்டிக் ஏற்றியது. அந்த ஏடு விரல் மடிகிற இடத்தில் உரியத் தொடங்கினால் எந்தக் கிறீமும் அதைத் திரும்ப ஒட்டாது. இந்தச் சோடியில் ஏடு இல்லை.

அடுத்தது கட்டைவிரல் சோதனை. முன்பக்கத்தை அழுத்தினால் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கம் பரவ வேண்டும், விட்டதும் மறைய வேண்டும். தடித்த ஒற்றைக் கோடாக விழுந்தால் பூச்சு தடிப்பானது, அல்லது நார் தளர்ந்த வயிற்றுப்பகுதித் தோல். இடது வலது இரண்டையும் அருகருகே வைத்து அழுத்துவது நல்லது. ஒரு காலுக்கு முதுகுத்தோலும் மற்றதற்கு வயிற்றுத்தோலும் வெட்டியிருந்தால் ஒரு வருடத்தில் ஒரு கால் மட்டும் தொங்கிப்போகும். நாக்குக்கும் உள்மறைவுக்கும் இரண்டாந்தரத் தோல் போடுவது எல்லாரும் செய்வதுதான், அதைக் குற்றம் சொல்ல முடியாது. முன்பக்கத்தில் போட்டால்தான் குற்றம்.

மணத்தை நம்ப வேண்டாம்; தோல் மணம் புட்டியிலும் வருகிறது. ஓரத்தில் நெருப்பு வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம். பூச்சுத் தோலின் அடியிலும் உண்மையான நார் இருப்பதால் அதுவும் தோல் கருகிய வாடைதான் அடிக்கும். சப்பாத்தும் கெடும், விடையும் கிடைக்காது.

ஐரோப்பியச் சந்தைக்கென்று தைத்த சோடிகளில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 94/11 இலக்கப் பணிப்புரை 1994இல் வந்தபிறகு மேற்பகுதி, உள்துணி, அடி மூன்றுக்கும் என்ன பொருள் என்று தனித்தனிப் படமோ எழுத்துக் குறிப்போ போட வேண்டும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல். அந்த வடிவத்துக்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சுத் தோல், அதாவது பூச்சு 0.15 மில்லிமீற்றருக்கு மேல், ஆனால் மொத்தத் தடிப்பில் மூன்றிலொன்றுக்கு மேற்படாமல். பின்னல் வடிவம் துணி. வெறும் சாய்சதுரம் மற்றப் பொருட்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சோடிகளுக்கும் இதே விதிதான். நடைபாதைக் குவியலில் பழைய சப்பாத்து தெரிவு செய்பவர்கள் விலை பேசுவதற்கு முன் அடியையும் நாக்கின் உட்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கலாம்.

இனி அடி எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது. உள்ளட்டையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு தையல்வரிசை தெரிந்து, அதே வரிசை வெளியே அடியிலும் தெரிந்தால் அது பிளேக் தையல். உள்ளே தையல் இல்லை, ஆனால் ஓரத்தில் சுற்றிவரும் தோல்பட்டியில் தையல் ஓடி அடியிலும் வெளிப்படுகிறது என்றால் வெல்ட் தையல். பட்டியில் தையல் இருக்கிறது, அடியில் அதன் சுவடே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். சிலவற்றில் தையலை அடிக்குள் வெட்டிய வாய்க்காலில் மறைத்திருப்பார்கள். பலவற்றில் அது ஒட்டிய சப்பாத்துக்குப் போட்ட பொய்த்தையல். இந்தச் சோடி வெல்ட். இடது காலில் சுண்டுவிரல் பக்கம் 4 சென்ரிமீற்றர் தையல் அறுந்திருந்தது. வெல்ட் என்பதால்தான் இதில் கைவைக்கத் துணிவு வந்தது: அறுந்ததைத் திரும்பத் தைக்கலாம், மேற்பகுதியைத் தொடாமல் அடியையும் மாற்றலாம்.

அடி பொலியூரித்தேனாக இருந்தால் கணக்கு வேறு. நகத்தால் அழுத்தும்போது பழைய பாலாடைக்கட்டி போல உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ, அது காற்றிலுள்ள ஈரம் பட்டு உள்ளிருந்தே சிதைந்த அடி. பசையால் நிறுத்த முடியாது, பசை பிடிப்பதற்கு அங்கே திடமாக எதுவும் மிச்சமில்லை. ஒருநாளும் போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். கல்யாண மண்டபத்தில் நடக்க நடக்க அடி துண்டு துண்டாய் விழுகிற கதை எல்லாம் இந்த வகைதான். ஈர மலையில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போடப்போகிற சப்பாத்துக்கு இந்த அடி வேண்டவே வேண்டாம்.

நாள் 1, 2: காயவைத்தல் மட்டும்

இடது கால் சமையல் தராசில் 668 கிராம். இந்த ஓர் எண்ணைக் குறித்து வைப்பது மற்ற எல்லாச் சோதனையையும் விடப் பயன்பட்டது. தோல் காய்ந்ததா என்று கைக்குத் தெரியாது, குளிரிலே ஈரமும் வறட்சியும் ஒரே மாதிரித்தான் படும். தராசுக்குத் தெரியும்.

நாடாவைக் கழற்றி எறிந்தோம் (பூஞ்சணம் பிடித்த பருத்தி நாடா கழுவினாலும் இழுக்கும்போது அறும்). உள்ளட்டையைத் தனியே எடுத்து வைத்தோம். உள்ளே முதலில் அச்சில்லாத கடதாசி, அதற்குள் கசக்கிய பத்திரிகைத் தாள். நேராக அச்சுத்தாளை அடைத்தால் வெளிர்நிற உள்தோலில் மை ஏறும். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாள் மாற்றப்பட்டது. எடுத்த தாளைக் காயவைத்துத் திரும்பப் போடக்கூடாது, அதில் பூஞ்சண வித்துகள் இருக்கும். சப்பாத்தை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம், தோல் அடிக்கும் காற்று வேண்டும்.

வைத்த இடம் காற்றோடுகிற விறாந்தை. விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவதும் அடுப்புத் திட்டில் வைப்பதும் தேயிலைத் தோட்டத்தில் பழகிப்போன வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எத்தனையோ சப்பாத்து அப்படித்தான் பிளந்திருக்கும். மேற்தோல் குரோமிய உப்பில் பதனிட்டது, ஓரளவு தாங்கும். உள்ளட்டைக்குக் கீழுள்ள உள்ளடித் தோலும் பட்டியும் அநேகமாக மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டவை; நனைந்த நிலையில் அவை 70, 80 பாகை செல்சியஸ் வாக்கிலேயே சுருங்கத் தொடங்கும், சுருங்கினால் திரும்பாது. அவ்வளவு சூடு ஏறாவிட்டாலும் அவசரமாகக் காயும் தோலில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகும்.

நாள் 1 மாலை 655. நாள் 2 மாலை 640. நாள் 3 காலை 637. இறக்கம் இப்படிக் குறைந்துவிட்டால் அங்குள்ள காற்றோடு தோல் சமநிலைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மழை விடாத நாட்களில் இந்த இரண்டு நாள் ஐந்து நாளாகும்.

நாள் 3, 4: வெள்ளை எது என்று பிரித்தது

தோலில் காணும் வெள்ளை எல்லாம் பூஞ்சணம் இல்லை. மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. இந்தச் சோடியின் நாக்கிலும் பட்டியிலும் இருந்தது பஞ்சு போல, தொட்டால் இழுபட்டது. மூக்கில், அதாவது விரல்நுனிப் பக்கத்தில், இருந்தது மெல்லிய தூள்படலம். ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்தபோது மூக்கில் இருந்தது சில விநாடியில் உருகி மறைந்தது. நாக்கில் இருந்தது அசையவில்லை. உருகியது கொழுப்பு: பதனிடும்போதும் பராமரிப்பின்போதும் ஊட்டிய எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் குளிரில் உறைந்து மேலே பூத்தது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில், வருடச் சராசரி 16 பாகை வாக்கில் இருக்கிற ஊர். அங்கே இது அடிக்கடி வரும், பலர் பூஞ்சணம் என்று நினைத்து மேலும் எண்ணெய் பூசிப் பெருக்குவார்கள். துணியில் சிறிது டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் போய்விடும், அந்த இடத்துக்குக் கொஞ்ச நாள் கொழுப்புக் காட்டாமல் விடவேண்டும். மூன்றாவது வகை உப்பு. ஈரவிரலால் தொட்டால் கரைந்து, காய்ந்ததும் திரும்பி வரும். அதற்கு வெள்ளை வினாகிரியும் நீரும் சமபங்கு.

பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே, முகமூடி கட்டி, காய்ந்த பிரஷால் தட்டினோம். காய்ந்தபின் தட்டுவதற்குக் காரணம் உண்டு: ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் மயிர்த்துளைகளுக்குள் அப்பிக்கொள்ளும். அந்தப் பிரஷைப் பிறகு பொலிஷுக்குப் பாவிக்கக்கூடாது. பட்டிக்கும் மேற்தோலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் செம்மண் இறுகிக் கிடந்தது. பழைய பல் பிரஷ்தான் அங்கே போகும்.

பிறகு ஸ்பிரிட். பாமசியில் கிடைக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் 7 பங்கு, கொதித்தாறிய நீர் 3 பங்கு. முதலில் நாக்கின் அடியில் ஒரு சொட்டுச் சோதனை. வெள்ளைத் துணியில் நிறம் கனக்க ஏறினால் நீரைக் கூட்ட வேண்டும். துணியை நனைத்துப் பிழிந்து வெளிப்புறம், உட்புறம், கண்ணித் துளைகள், பட்டி எல்லாம் துடைத்து ஒரு நாள் விட்டோம். நாள் 4இல் திரும்ப ஒருமுறை. ஒருமுறை போதும் என்று விட்டவர்களுக்கு மூன்று கிழமையில் திரும்பி வருவது வழக்கம். வெளிற்றும் திரவம் பூஞ்சணத்தைக் கொல்லும், கூடவே நிறத்தையும் நூலையும் தின்னும். துணி தோய்க்கும் சவர்க்காரமும் ஆகாது: பதனிட்ட தோல் இலேசான அமிலத் தன்மையுள்ளது, சவர்க்காரம் காரம்.

பழைய மெழுகுப் படையையும் அன்றே கழற்றினோம். டர்பன்டைன் தொட்ட பனியன் துணியால் வட்டமாக, அழுத்தாமல். மூக்கில் மட்டும் நாலு துணி கறுத்தது. அதே வேலைக்குப் பெயின்ற் தின்னர் எடுத்தால் மெழுகோடு தோலின் மேற்பூச்சும் வழிந்து வந்துவிடும்.

நாள் 5: தையலும் குதியும்

நனைந்த பட்டியில் நூலை இழுத்தால் தோல் அறுபடும். தையல் இவ்வளவு பிந்தியதற்கு அதுதான் காரணம். 0.8 மில்லிமீற்றர் பொலியெஸ்டர் நூல், தைக்கும் நீளத்தைப் போல ஆறு மடங்கு, இரண்டு முனையிலும் ஊசி. நூலுக்குத் தேன்மெழுகு. மெழுகுதிரியைத் தேய்ப்பவர்கள் உண்டு. அது வழுக்கும், தேன்மெழுகுபோல் தையலைப் பிடித்து நிறுத்தாது. அறுந்த இடத்துக்கு மூன்று துளை முன்னாலேயே பழைய தையலின் மேல் ஏறித் தொடங்கி, பழைய துளைகள் வழியே இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய், மூன்று துளை தாண்டி முடித்தோம். புதுத் துளை போடவில்லை. குத்தூசி பழைய துளையின் அடைப்பை எடுக்க மட்டும். நெருக்கமாகப் புதுத்துளை போட்டால் பட்டி முத்திரைத் தாள்போல் கிழிய வழியாகும்.

குதி றப்பர் பின்பக்க வெளிமூலையில் 2 மில்லிமீற்றர்தான் மிச்சம். அதற்குக் கீழே போகவிட்டால் தோலடுக்கும் தேய்ந்து செலவு கூடும். பழையதை நெம்பி எடுத்து, மேற்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, 6 மில்லிமீற்றர் புது றப்பர். மஞ்சள் நியோபிறீன் பசை இரண்டு பக்கமும் மெல்லிசாக. டின்னில் 10, 15 நிமிடம் என்று போட்டிருக்கும், அது இங்கே சரிவராது. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து பனிமூட்டத்தின் ஈரம் அதில் படியும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படை; ஒட்டினதுபோல இருக்கும், முதல் மழையில் கழலும். முற்பகல் 11க்கும் பிற்பகல் 2க்கும் இடையில், வெயில் இருக்கிற நேரத்தில் பூசி, 25 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ட்ரையரால் ஒருமுறை சூடுகாட்டிச் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டினோம். பொருத்தியபின் நகர்த்த முடியாது.

ஆணி ஐந்து, பித்தளை. இரும்பாணி துருவேறி, மரச்சாற்றில் பதனிட்ட தோலிலுள்ள தனின் என்ற துவர்ப்பொருளோடு சேர்ந்து மை போலக் கறுப்பாகக் கசியும். சுப்பர் குளூ இந்த வேலைக்கு ஆகாது. காய்ந்தால் கண்ணாடி, சப்பாத்து வளைகிற இடத்தில் அன்றே வெடிக்கும். இன்னொன்று: வார்ப்பு றப்பர் அடிகளில் இந்த மஞ்சள் பசை பெரும்பாலும் பிடிப்பதில்லை, அவற்றுக்கு முதலில் பூசும் திரவமும் வேறு பசையும் தேவை. அதைத் தைப்பவரிடம் கொடுப்பது நல்லது.

தோல் அடியின் முன்பாதிக்கு 2 மில்லிமீற்றர் றப்பரும் அன்றே ஒட்டப்பட்டது. தோல் அடி தூய்மையானது, தொடக்கூடாது என்பவர்கள் ஹட்டன் பஸ் நிலையப் படியில் மழைநாளில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

நாள் 6, 7: ஊட்டலும் மினுக்கலும்

லனோலின் (செம்மறி மயிர்க் கொழுப்பு) கலந்த தோல் கிறீம், ஒரு காலுக்கு ஒரு கடலை அளவு. விரலால் மடிப்புகளில் முதலில், பிறகு மற்ற இடம். பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து மிச்சத்தைத் துடைத்தோம். மூக்குக்குக் கொடுக்கவில்லை, அங்கேதான் கொழுப்புப் பூத்தது.

தேங்காயெண்ணெய் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் போத்தலிலேயே கட்டியாக நிற்கிற எண்ணெய் தோலுக்குள் மட்டும் எப்படி இளகி நிற்கும்? சூடாக்கிப் பூசினால் அன்று கறுத்து மினுங்கும், இரவில் உறைந்து வெள்ளை பூக்கும், பிறகு சிக்கடிக்கும். பூஞ்சணத்துக்கும் தீனி.

அடுத்த நாள் கறுப்புக் கிறீம் பொலிஷ், மெல்லிசாக. 15 நிமிடம் விட்டு மூன்று நிமிடம் பிரஷ். நிறம் தருவது கிறீம், கண்ணாடி மினுக்கம் தருவது டின் மெழுகு. டின் மெழுகு மூக்குக்கும் குதிக்கும் மட்டும். விரல் மடிகிற இடத்தில் பூசினால் முதல் அடியிலேயே வெள்ளைக் கோடாக வெடிக்கும். குளிரில் மெழுகு கல்லாகியிருக்கும். டின்னை வெந்நீர்ப் பாத்திரத்துக்கு அருகில் கொஞ்சநேரம் வைத்தால் போதும். தீக்குச்சி கிழித்து டின்னுக்குள் போடுகிற பழக்கம் மினுக்கத்துக்குத் தேவையான கரைப்பானைத்தான் எரிக்கிறது, கூடவே மீசையையும் எரிக்கலாம். பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, மெழுகு தொட்டு, ஒரு சொட்டு நீர், சிறு வட்டங்கள். ஐந்து படை, படைக்குப் படை ஐந்து நிமிடம். இடையில் மங்கினால் மெழுகு கூடிவிட்டது என்று அர்த்தம். நீர் மட்டும் தொட்டுத் தேய்த்தால் திரும்பும்.

முன்மடிப்பில் இருந்த இரண்டு மயிரிழை வெடிப்பு அப்படியே இருக்கிறது. வெடித்த தோல் திரும்ப ஒன்றுசேராது, நிறம் அதை மூடும், அவ்வளவுதான்.

வைத்த விதம்

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு, சீமெந்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கடை பிளாஸ்டிக் பையும் அட்டைப்பெட்டியும் விலக்கப்பட்டன. பை ஈரத்தைப் பூட்டும், அட்டை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். சேலைத் துணியில் தைத்த பை போதும். அலுமாரிக்குள் 25 வாட் இழைமின்குமிழ், கம்பிக் கூட்டுக்குள், துணிமணி படாத மூலையில். 16 பாகையில் 90 வீத ஈரப்பதமுள்ள காற்றை 21 பாகைக்குச் சூடாக்கினாலே அது ஏறக்குறைய 66 வீதமாக இறங்கும். பூஞ்சணம் தழைக்க ஏறக்குறைய 70க்கு மேல் வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற எல்ஈடி குமிழைப் போட்டால் அலுமாரிக்கு வெளிச்சம் கிடைக்கும், சூடு கிடைக்காது. கல்லுப்புக் கிண்ணம் வைப்பவர்களுக்கு: 75 வீதத்துக்கு மேலே உப்பு தானே கசிந்து நீராகும், அது தோலில் வழிந்தால் மேலே சொன்ன மூன்றாவது வெள்ளை வரும்.

பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்கள் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுக்கக்கூடாது. ஹட்டனில் மழை கொட்டுகிற அதே மாதங்களில் மலையைத் தாண்டி அவர்கள் இருக்கிற ஊவாவில் இறங்குவது வறண்ட கச்சான் காற்று. அங்கே அப்போது குமிழ் வேண்டாம், மாதம் ஒருமுறை கிறீம் வேண்டும்.

நாள் 21இல் எடுத்துப் பார்த்தோம். வெளிப்புறம் சுத்தம். வலது நாக்கின் உட்பக்கத்தில் மட்டும் உளுந்தளவில் ஒரு பொட்டு. நாக்குக்குள் மெத்தென்றிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள், அது கடைசியாகக் காய்கிற இடம். ஸ்பிரிட் திரும்ப ஒருமுறை, நாக்கை வெளியே இழுத்து மடித்தபடி இரண்டு நாள் விறாந்தையில். அடுத்த பார்வை இன்னும் இரண்டு கிழமையில். அப்போதும் வந்தால் நாக்கின் ஓரத் தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டுத் தைப்பதாக இருக்கிறது.